பல பாணிகளிலும் வல்ல கிட்டார்க் கலைஞர் யார்?

ஹட்டனில் எங்கள் பாடகர் குழுவின் நத்தார் ஒத்திகை முடிந்த ஓர் இரவில், உலகின் தலைசிறந்த கிட்டார்க் கலைஞர் யார் என்ற வாக்குவாதம் மூண்டது. இளைஞர்கள் எல்லோரும் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்றார்கள். வலக்கைக்காரருக்கான கிட்டாரைத் திருப்பிப் பிடித்து இடக்கையால் வாசித்து, 1970இல் 27 வயதில் மறைவதற்குள் மின்கிட்டாரின் ஒலியையே வேறாக்கிவிட்டவர் அவர். அதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் பல பாணிகளிலும் வல்லவர் யார் என்று பேச்சுத் திரும்பியபோது ஒருமித்த பதில் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலையில் திருப்பலிக்கும் மாலையில் கல்யாண வீட்டு பைலாவுக்கும் வாசிக்கும் மூத்த கலைஞர் ஒருவர் எங்களுடன் இருந்தார். "பாட்டுக்குப் பாட்டு தாளத்த மாத்துறது வேற தம்பி, அந்த இசைக்காரங்ககிட்ட போய் உக்காந்து கத்துக்கிறது வேற" என்றார் அவர். அந்த அளவுகோலை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். அதன்படி என் தேர்வு இங்கிலாந்தின் ஜான் மக்லாஃப்லின். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் ஜாஸ் வாசித்து, 1971இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவைத் தொடங்கி ராக் இசையின் வேகத்தைத் தொட்ட அவர், அந்தப் புகழோடு நின்றுவிடாமல் கர்நாடக இசை அறிஞர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். பின்னர் எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு 'சக்தி' குழுவில் அமர்ந்தபோது, கழுத்துப் பகுதியில் ஃப்ரெட்டுகள் எனும் உலோகக் கட்டைகளுக்கு இடையிலுள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்டு, ஒலித்துளையின் குறுக்கே துணைத்தந்திகள் பூட்டப்பட்ட கிட்டாரை வாசித்தார். அந்தக் குழிவில் தந்தியை வளைக்கும்போது விரல் மரத்தில் உரசாது என்பதால், சாதாரணக் கிட்டாரில் அரிதாகவே வசப்படும் கமகங்கள், அதாவது சுரத்தை அசைத்தும் வளைத்தும் எழுப்பும் கர்நாடக இசை நுணுக்கங்கள், அதில் இயல்பாக எழுகின்றன.

பாக்கோ தெ லூசியாவுக்கு அடுத்த இடம் தருவேன். இசைக்குறியீடு படிக்கத் தெரியாத அந்த ஃபிளமெங்கோ (ஸ்பெயினின் மரபிசை) மேதை, ரோட்ரிகோ கிட்டாருக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய அரான்ஹுவேஸ் கான்செர்ட்டோவைக் கற்று 1991இல் இசைக்குழுவோடு வாசித்துப் பதிவு செய்தார். அதற்கு முன்பே, 1980 டிசம்பரில், சான் பிரான்சிஸ்கோ மேடையில் மக்லாஃப்லினுடனும் அமெரிக்கக் கிட்டார்க் கலைஞர் அல் டி மியோலாவுடனும் நேருக்கு நேர் வாசித்திருந்தார்.

குழுவின் இளையவர் ஒருவர் எழுப்பிய மறுப்பு வலுவானது. எதிர்த்திசையிலிருந்து, அதாவது நம் இசையிலிருந்து ஜாஸுக்குச் சென்ற, ஆர். பிரசன்னாவை ஏன் மறக்கிறோம் என்று கேட்டார். இராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவின் பெர்க்லி இசைக்கல்லூரியில் ஜாஸ் பயின்று, வழக்கமான மின்கிட்டாரிலேயே கர்நாடகக் கீர்த்தனைகளை வாசிப்பவர் அவர். கருவியை மாற்றியமைக்காமல் தந்தியை இழுத்தும் சறுக்கியும் கமகத்தை வரவழைப்பது இன்னும் கடினம் என்பதால், மக்லாஃப்லினுக்கு நிகரான இடத்தை அவருக்குத் தருவதில் எனக்குத் தயக்கமில்லை.