குவில்ட்டில் போட்ட நீலக் கோடு திரும்பி வருகிறது, மீதிப் பகுதிக்கு எதைக் கொண்டு வரைவது?

வெள்ளை இழை (கேள்வி):

வணக்கம். ஒற்றைக் கட்டில் அளவுக்கு ஒரு குவில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) கையால் தைத்துக்கொண்டிருக்கிறேன். மேல்துணி பருத்தி. நடுவில் வெள்ளைக் கட்டங்கள், சுற்றிலும் கருநீல பார்டர். உள்ளே பருத்தி பேட்டிங், அதாவது பஞ்சு விரிப்பு. அடியில் அடித்துணி. மூன்று அடுக்கையும் சேர்த்து ஏற்கெனவே தற்காலிகமாக நூலோட்டியாகிவிட்டது.

வெள்ளைக் கட்டங்களில் இறகு வளைய டிசைனைத் தண்ணீரில் மறையும் நீலப் பேனாவால் வரைந்தேன். தைத்து முடித்த கட்டங்களில் தண்ணீரைத் தெளித்ததும் கோடு போய்விட்டது. மடித்து வைத்துவிட்டு நான்கு நாள் கழித்து விரித்தால், அதே இடத்தில் வெளிர்நீலம் திட்டுத் திட்டாக நிற்கிறது. ஒரு கட்டத்தில் சுருக்கம் எடுக்கிறேன் என்று கோடு இருக்கும்போதே அயர்ன் போட்டுவிட்டேன். அங்கே கோடு பழுப்பாகிவிட்டது, தண்ணீருக்கு அசையவே இல்லை.

அக்கா மகளுக்காகத் தைப்பது. மூன்று மாத உழைப்பு. இதைச் சரிசெய்ய வழி உண்டா? கருநீல பார்டரில் இன்னும் எதுவும் வரையவில்லை. அதற்கு எந்தக் கருவி நல்லது?

ஊசிக்கண்:

பதற வேண்டாம். வெளிர்நீலம் பெரும்பாலும் போய்விடும். அதுவரை அயர்ன், வெந்நீர், சோப்பு, பிளீச் எதுவும் அந்தத் துணியைத் தொடக்கூடாது. வெயிலிலும் போடாதீர்கள்.

பார்டருக்கு, அயர்ன் சூட்டில் மறையும் பேனா வெள்ளை நிறத்திலும் கிடைக்கிறது. அதைப் பார்க்கலாமே?

ஓடுதையல்:

முதலில் நீலம் ஏன் திரும்பியது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் தீர்வு தானாகப் புரியும். நீங்கள் தெளித்த தண்ணீர் மையை வெளியேற்றவில்லை. கரைத்து, கீழே பேட்டிங்குக்குள் இறக்கிவிட்டது. துணி காயும்போது ஈரம் மேல்பக்கமாகத்தான் வெளியேறுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, கரைந்த மையும் ஈரத்தோடு மேலே ஏறி வந்து நின்றுவிடுகிறது. எத்தனை முறை தெளித்தாலும் இதேதான் நடக்கும்.

முழுக் குவில்ட்டையும் முக்கித்தான் எடுக்க வேண்டும். பெரிய தொட்டி நிறையக் குளிர்ந்த வெறும் தண்ணீர், அரை மணி நேரம். தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் விட்டு மறுபடியும். நீலச் சாயல் தண்ணீரில் தெரிவது நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். சோப்பு போடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான், ஏனென்றால் சலவைத்தூளின் காரம் சில பேனாக்களின் மையைத் துணியிலேயே நிலைக்க வைத்துவிடும்.

ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி, இது மிக முக்கியம்: கருநீலத் துணியை வெட்டுவதற்கு முன் துவைத்தீர்களா? துவைக்காத கருநீலத்தையும் வெள்ளையையும் ஒன்றாக ஊறவைத்தால், போன நீலத்தைவிடப் பெரிய நீலம் வந்து சேரும்.

சூட்டில் மறையும் பேனா பற்றி ஊசிக்கண் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வகை மை முதலில் காகிதத்தில் எழுதி அழிப்பதற்காக வந்தது. சுமார் 60 டிகிரி செல்சியஸில் நிறம் மறையும், ஆனால் மை துணியிலேயேதான் இருக்கும். கடுங்குளிர் பட்டால் நிறம் திரும்பிவிடும். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியே அதற்குப் போதும். குளிர் தேசத்துக்கு அனுப்புகிற குவில்ட் என்றால் நினைத்துப் பாருங்கள். அடர்ந்த நிறத் துணியில் மறைந்த பிறகும் வெளுத்த தடம் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். தையலுக்குள் மறைந்துபோகும் வெட்டுக்கோடு போடுவதற்கு அது அருமையான பேனா. மேலே தெரியும் இடத்துக்கு நான் அதைத் தொடமாட்டேன்.

வெள்ளை இழை:

அக்கா, மிக்க நன்றி. கருநீலத்தை இரண்டு முறை துவைத்துத்தான் வெட்டினேன். நீங்கள் கேட்டதும் பயந்துபோய், மிச்சத் துண்டு ஒன்றை நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து இரவு முழுக்க அழுத்தி வைத்தேன். சாயம் இறங்கவில்லை. அந்தப் பழுப்புக் கோடு?

ஓடுதையல்:

நல்ல சோதனை. பழுப்பைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும்: சூடு பட்டு நிலைத்த கோடு முழுதாகப் போகும் என்று உறுதி தரமுடியாது. மற்றவற்றோடு அதையும் ஊறவையுங்கள், இரண்டு மூன்று முறை பாருங்கள். மங்கினால் நல்லது. மங்காவிட்டால் கறைநீக்கி எதையும் ஊற்றாதீர்கள். அந்தக் கோட்டின் மேலேயே கொஞ்சம் தடித்த நூலால் பின்தையல் போடுங்கள். கோடு நூலுக்கு அடியில் போய்விடும். ஒரு கட்டத்தில் மட்டும் இருந்தால் துருத்தும் என்று தோன்றினால், எதிர் மூலைக் கட்டத்திலும் அதே தையலைப் போட்டுவிடுங்கள், டிசைனாகவே நிற்கும்.

நூற்கண்டு:

பார்டருக்கு வருகிறேன். கைத்தையலில் கோடு நிறைய நாள் தாங்க வேண்டும், அதே நேரம் துணியை இழுத்துப் பிடிக்கும் தையல் வளையத்தில் மாட்டி மாட்டித் துணி உரசிக்கொண்டே இருக்கும். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இதை முதலில் யோசியுங்கள். காற்றில் தானாக மறையும் ஊதாப் பேனா உங்களுக்கு ஆகவே ஆகாது. ஈரப்பதம் உள்ள நாளில் சில மணி நேரத்தில் கோடு காணாமல் போய்விடும். உட்கார்ந்த இடத்தில் மெஷினில் தைத்து முடிப்பவர்களுக்கு அது சரி.

கருநீலத்தில் என் முதல் தேர்வு மெல்லிய சோப்புத் துண்டு. குளித்துத் தேய்ந்த சில்லை நன்றாகக் காயவிட்டு, ஓரத்தைக் கத்தியால் சீவினால் கூர்மையான வெள்ளைக் கோடு விழும். துவைத்தால் போய்விடும். கிரீம், எண்ணெய் சேர்த்த சோப்பு மட்டும் வேண்டாம், எண்ணெய்க்கறை பிடிக்கும். டெய்லர் சாக்கும் நல்லதுதான், ஆனால் மெழுகு கலந்த சாக்கின் மேல் அயர்ன் பட்டால் எண்ணெய் வட்டம் போல நின்றுவிடும். கலர் சாக் வேண்டாம், வெள்ளை மட்டும். எதை எடுத்தாலும் வளையத்துக்குள் அடங்கும் அளவுக்கு மட்டும் வரைந்து, தைத்து, அடுத்த இடத்துக்கு நகருங்கள். பார்டர் முழுவதும் இன்றே வரைந்து வைத்தால் பாதி உதிர்ந்துவிடும்.

நேர்க்கோடு என்றால் ஹெரா மார்க்கர். ஜப்பானியத் தையற்காரர்களின் கருவி, மையே கிடையாது. அதன் மழுங்கிய விளிம்பை ஸ்கேல் ஓரமாக அழுத்தி இழுத்தால் துணியில் ஒரு மடிப்புத்தடம் விழும். அடியில் பேட்டிங் இருப்பதால் தடம் இன்னும் ஆழமாக விழும். விளக்கைத் தலைக்கு மேலே வைக்காமல் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள், தெளிவாகத் தெரியும். ஒற்றை நிறத் துணிக்குத்தான் இது சரி. பூப்போட்ட துணியில் கண்ணுக்கு அகப்படாது. இறகு மாதிரி நெருங்கிய வளைவுகளுக்கும் வராது.

ஒட்டுத்துணி:

வெள்ளைக் கட்டங்களுக்கு இனி பென்சில் போடலாமா என்று யோசித்தால், கெட்டியான கூரிய முனையால், தொட்டும் தொடாமலும் போடுங்கள். மென்மையான பென்சிலின் கரி வெள்ளை நூலில் ஏறி, நூலே சாம்பல் நிறமாகிவிடும். எனக்கு நடந்திருக்கிறது. அடுக்கு சேர்ப்பதற்கு முன்பு என்றால் ஜன்னல் கண்ணாடியில் டிசைனை ஒட்டி, மேலே துணியை வைத்துப் பார்த்தே வரைந்திருக்கலாம். இப்போது ஸ்டென்சில் (டிசைன் வெட்டிய அட்டை)தான் வழி.

வெள்ளை இழை:

பத்து நாள் கழித்து வருகிறேன். இரண்டு நிறத்திலும் மிச்சத் துண்டுகள் எடுத்து, அடியில் பேட்டிங், அடித்துணி வைத்துத் தைத்து, நீலப் பேனா, சோப்பு, டெய்லர் சாக், பென்சில், ஹெரா எல்லாவற்றாலும் கோடு போட்டேன். ஒரு வாரம் கையில் வைத்துக் கசக்கினேன். பிறகு ஊறவைத்து, காயவைத்து, கடைசியாக அயர்ன். நீலம் முழுதாகப் போனது, திரும்பவில்லை. சாக் மூன்றாம் நாளே உதிர்ந்துவிட்டது. சோப்பு ஐந்து நாள் நின்றது. பென்சிலின் சாயல் லேசாக இருக்கிறது, அதை விட்டுவிட்டேன். ஹெரா தடம் ஒரு வாரம் கழித்தும் தெரிந்தது.

அதனால் பார்டரின் குறுக்குக் கட்டங்களுக்கு ஹெரா, மூலை வளைவுகளுக்குச் சோப்பு. வெள்ளைக்கு அதே நீலப் பேனா, ஆனால் அயர்ன் பெட்டியை அந்த அறையிலிருந்தே எடுத்துவிட்டேன்.

குவில்ட்டை இப்போதே ஒரு முறை ஊறவைக்கலாமா, முழுதும் தைத்த பிறகா?

ஓடுதையல்:

தைத்த பிறகு. பாதி தைத்த நிலையில் நனைத்தால் பேட்டிங் சுருங்கி, தைக்காத பகுதி இழுத்துக்கொள்ளும். ஆனால் வெள்ளைக் கட்டங்களில் மை இருக்கிறது, மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். முடிந்ததும் அன்றே தண்ணீரில் போடுங்கள்.