ஏடிவி வண்டியில் ரைஃபிளோடு போவது: மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

பள்ளத்தூரான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் வினோதமானது. சிரித்துவிட்டாவது பதில் சொல்லுங்கள்.

மகள் டெக்சாஸில் இருக்கிறாள். அடுத்த மாதம் நானும் வீட்டுக்காரியும் விசிட்டர் விசாவில் போகிறோம், மூன்று மாதம். மாப்பிள்ளைக்கு நாலு வருடமாக வேட்டைப் பைத்தியம். கூட வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவருக்கு சான் அன்டோனியோவிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் பெரிய நிலம் இருக்கிறதாம். காட்டுப்பன்றித் தொல்லை. சனி, ஞாயிறு வந்தால் இரண்டு பேரும் ஏடிவி என்கிற அந்த நாலு சக்கர பைக்கில் ரைஃபிளோடு கிளம்பிவிடுகிறார்கள். "மாமா, வந்ததும் உங்களைக் கூட்டிப் போகாமல் விடமாட்டேன்" என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

எனக்குத் துப்பாக்கி புதிதில்லை. ஐயா காலத்து டபுள் பேரல், பன்னிரண்டு போர், வீட்டில் இருக்கிறது. லைசென்ஸ் என் பேரில். ஆனால் எனக்கும் அதற்கும் உள்ள உறவு, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பது, முடிந்ததும் ரசீதைக் காட்டி வாங்கி வருவது, ஆயுத பூஜைக்குத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பது. அவ்வளவுதான்.

போன வாரம் மாப்பிள்ளை ஒரு வீடியோ அனுப்பினார். அவர் ஏடிவி ஓட்டுகிறார், ரைஃபிள் தோளில் தொங்குகிறது. மகள் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறாள். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் ரைஃபிள் சுழன்று, குழல் நேராக கேமராவைப் பார்த்துவிட்டுப் போகிறது. அந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை பார்த்தேன். வீட்டுக்காரி, "பாட்டெல்லாம் போட்டு நல்லாத்தான் எடுத்திருக்கார்" என்றாள்.

அந்த வண்டியில் ரைஃபிளை எங்கே, எப்படி வைக்க வேண்டும்? பின்னால் நான் உட்காரலாமா? எல்லாவற்றையும் விட, மாமனார் மாப்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடக் கூடாது. கோபித்துக்கொள்ளவும் கூடாது.

---

கல்லல் ஹவில்தார் எழுதியது:

அண்ணே, சிரிக்கவில்லை. அந்த வீடியோவை நீங்கள் மூன்று தடவை பார்த்ததிலேயே தெரிகிறது, உங்களுக்குப் பதில் தெரியும்.

நான் மெட்ராஸ் ரெஜிமெண்டில் 17 வருடம் இருந்தவன். வெளியே வந்து காரைக்குடியில் ஒரு வங்கியில் கன்மேனாக 11 வருடம். சொந்தத் துப்பாக்கி, உங்களுடையது போல டபுள் பேரல்தான். தினமும் கல்லலிலிருந்து எக்ஸ்எல் வண்டியில் போய் வருவேன். நான் ஏடிவி ஓட்டியதில்லை. ஆனால் துப்பாக்கியை வைத்துக்கொண்டு குலுங்குகிற வண்டியில் போவது பற்றி என் விலா எலும்புக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு ஐப்பசி மாதம், காலை எட்டரை மணி, இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்தது. கண்மாய்க் கரைத் திருப்பத்தில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி குறுக்கே பாய்ந்தது. பிரேக் பிடித்தேன், வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். துப்பாக்கி காக்கித் துணி உறையில், முதுகில் குறுக்காக மாட்டியிருந்தது. விழுந்தபோது துப்பாக்கிக் கட்டைக்கும் தரைக்கும் நடுவில் நான். இரண்டு விலா எலும்பில் கீறல். மூன்று வாரம் தும்மக்கூடப் பயம்.

ஆட்டுக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் சொந்தக்காரர் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

அடுத்துத்தான் விஷயம். வலியோடு வங்கிக்குப் போய்ச் சேர்ந்து, ஓரமாக நின்று துப்பாக்கியை மடக்கிக் குழலுக்குள் பார்த்தேன். இடது குழலில் வெளிச்சம் தெரிகிறது. வலது குழல் இருட்டு. உறையின் நுனித்துணி கிழிந்து, மூன்று விரல்கடை நீளத்துக்குச் செம்மண் உள்ளே இறுகிப் போயிருந்தது, அச்சில் வார்த்த மாதிரி. அதைப் பார்க்காமல் தோட்டாவைப் போட்டு ஒரு அவசரத்துக்குச் சுட்டிருந்தால், குழல் வாழைப்பூ மடல் விரிகிற மாதிரி விரிந்திருக்கும். என் இடது கையும் அதோடு போயிருக்கும்.

விழுந்தபோது வெடிக்காததற்கு ஒரே காரணம், தோட்டா சட்டைப் பையில் இருந்தது. என்னோடு இருந்த இன்னொரு கன்மேன், "தோட்டா இல்லாத துப்பாக்கிக்கு ஊன்றுகோல் தேவலை" என்று கேலி செய்வார். வீட்டிலேயே லோடு செய்து, சேஃப்டி போட்டுக்கொண்டு வருவார். சேஃப்டி என்பதைப் பலரும் பூட்டு என்று நினைக்கிறார்கள். நம் டபுள் பேரல்கள் பலவற்றில் அது விசையை மட்டும்தான் தடுக்கும். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் குதிரை, உள்ளே ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டு எப்போதும்போல நிமிர்ந்தேதான் நிற்கும். அதைப் பிடித்திருக்கும் சின்னக் கொக்கி தேய்ந்திருந்தால், ஒரு பலமான அடியில் நழுவலாம். விசையை யாரும் தொடவே வேண்டாம். அதோடு சேஃப்டி பொத்தான் உடம்பில், பையில், மரக்கிளையில் உரசித் தானாகவே முன்னால் நகரும். நானே பார்த்திருக்கிறேன்.

பட்டாளத்தில் ஃபயரிங் ரேஞ்சை விட்டு வெளியே வரும்போது "ஜாஞ்ச் சஸ்த்ர்" என்று ஒரு ஆர்டர் வரும். ஒவ்வொருவனும் ஆயுதத்தைத் திறந்து காட்ட வேண்டும். காலி என்று பார்த்த பிறகுதான் வண்டி ஏறலாம். சுபேதாராக இருந்தாலும் சரி, நேற்று வந்த ரெக்ரூட்டாக இருந்தாலும் சரி. இதில் யாரும் யாரையும் சந்தேகப்படுவதாக நினைப்பதில்லை, அது வழக்கம். உங்கள் மாப்பிள்ளையிடமும் அப்படியே கேளுங்கள். "எனக்கு ஒரு தடவை திறந்து காட்டுங்க மாப்பிள்ளை, எப்படி இருக்குன்னு பார்க்கிறேன்." ரைஃபிளைப் பார்க்க ஆசைப்படுகிற மாமனாரிடம் யார் கோபிப்பார்கள்?

சுருக்கமாக: முதுகில் வேண்டாம். சக்கரம் சுழலும்போது தோட்டா உள்ளே வேண்டாம். இறங்கியதும், தோட்டா போடுவதற்கு முன், குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கமாகப் பாருங்கள்.

---

திருப்பத்தூர் சின்னவன் எழுதியது:

எங்கள் பக்கம் வேட்டங்குடி சரணாலயம் இருக்கிறது. கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. இங்கே என்னடா என்றால் துப்பாக்கியை எந்தப் பக்கம் சாய்த்து வைப்பது என்று வகுப்பு நடக்கிறது! இதைப் படிக்கும் தம்பிகள் யாரும் நம் ஊரில் முயல், கொக்கு என்று கிளம்பிவிடாதீர்கள். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், லைசென்ஸ் துப்பாக்கியாக இருந்தாலும் அப்படித்தான். கடலைக் கொல்லையைப் பன்றி தோண்டினாலும் வனத்துறையிடம்தான் போக வேண்டும்.

---

தேவகோட்டை டு டெக்சாஸ் எழுதியது:

சின்னவன் சொன்னது சரி, ஆனால் இங்கே நிலைமை வேறு. இந்தப் பன்றிகள் டெக்சாஸ் மண்ணின் விலங்கு இல்லை. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து வளர்த்ததும், பிற்பாடு வேட்டைக்கென்று விட்டதும் கலந்து பெருகியவை. ஒரே ராத்திரியில் சோளக்காட்டை உழுது போட்டுவிடும். நில உரிமையாளரின் அனுமதி இருந்தால் தனியார் நிலத்தில் இவற்றைச் சுட 2019 முதல் வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம் என்று மாநிலம் சொல்லிவிட்டது.

இங்கேதான் மாமா, உங்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் மாப்பிள்ளைக்கே தெரிந்திருக்காது. லைசென்ஸ் வேண்டாம் என்பது மாநிலச் சட்டம். மத்தியச் சட்டப்படி விசிட்டர் விசாவில் வருபவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே தப்பு. விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. ஆகவே பன்றிக்கு வேண்டாத லைசென்ஸ் உங்களுக்கு வேண்டும். வெளிமாநிலத்தார், வெளிநாட்டார் வாங்குவதற்கென்று தனி லைசென்ஸ் இருக்கிறது. மாப்பிள்ளையை வாங்கித் தரச் சொல்லுங்கள், வாங்கும்வரை "கொஞ்சம் பிடிங்க மாமா" என்று ரைஃபிளை நீட்டினாலும் தொடாதீர்கள். 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள்தான் ஹண்டர் எஜுகேஷன் வகுப்பு முடிக்க வேண்டும். நீங்கள் அதற்கு முன் பிறந்தவர் என்றால் தப்பித்தீர்கள்.

இனி ஏடிவி. முதலில், பின்னால் உட்காரலாமா என்ற கேள்விக்கு: பெரும்பாலான ஏடிவிகள் ஒரு ஆளுக்கானவை. வண்டியிலேயே ஆளை ஏற்றாதே என்று எச்சரிக்கை ஒட்டியிருக்கும். சீட் நீளமாக இருப்பது இரண்டாவது ஆளுக்காக இல்லை, மேட்டில் முன்னால் சாய, இறக்கத்தில் பின்னால் நகர, ஓட்டுபவருக்கு இடம் வேண்டும் என்பதற்காக. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் மேடு ஏறும்போது முன்சக்கரம் தூக்கிப் பின்பக்கமாகப் புரளும். 300 கிலோ இரும்பு மேலே விழும். முதுகில் ரைஃபிளோடு விழுந்தால், ஹவில்தார் அண்ணன் விலாவுக்கு நடந்தது முதுகெலும்புக்கு நடக்கும். அதற்குப் பதில் பக்கத்தில் பக்கத்தில் சீட்டும் பெல்ட்டும் மேலே கம்பிக் கூண்டும் உள்ள வண்டி இருக்கிறது, சைடு பை சைடு என்பார்கள். பெரிய நிலம் வைத்திருப்பவரிடம் பெரும்பாலும் ஒன்று இருக்கும். அதைக் கேளுங்கள்.

ரைஃபிளுக்கு இடம்: ஹேண்டில்பாரில் குறுக்கே மாட்டும் ரப்பர் கொக்கிகள் மலிவாகக் கிடைக்கும். எனக்குப் பிடிக்காது. குழல் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு, இணையாக வரும் வண்டிக்காரரையே பார்த்துக்கொண்டிருக்கும். இங்குள்ள கருவேலம் போன்ற மெஸ்கீட் முள்மரம் கிளையை விட்டு இழுக்கும். நான் பயன்படுத்துவது பின் கேரியரில் போல்ட் போட்டு இறுக்கும் கெட்டி பிளாஸ்டிக் பெட்டி. துப்பாக்கி வடிவத்திலேயே இரண்டு பாதியாகத் திறக்கும், உள்ளே பஞ்சு. வண்டி சைலன்சரின் சூடு படாத பக்கம் மாட்ட வேண்டும். ஈரப் பஞ்சில் ராத்திரி விட்டுவிட்டால் காலையில் துரு, அதையும் ஒரு முறை அனுபவித்திருக்கிறேன்.

பெட்டிக்குள் போகும்போது மேகசினும் (தோட்டா அடுக்கும் கூடு) சேம்பரும் (குழலின் பின்முனையில் தோட்டா நிற்கும் அறை) காலி, ரைஃபிளின் போல்ட்டை, அதாவது சேம்பரை மூடும் தண்டைத் திறந்து கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்த பிறகு. பல மாநிலங்களில் ஏடிவியில் லோடு செய்த துப்பாக்கியோடு போவதே குற்றம். டெக்சாஸ் அந்த அளவு கறார் இல்லை என்பதால்தான் இங்கே பழக்கம் தளர்ந்து கிடக்கிறது.

நிறுத்தியதும் இன்ஜினை அணைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, இறங்கி, அதன் பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். எடுக்கும்போது குழல் நுனியைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்கிறார்கள் பாருங்கள், என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கட்டைப் பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும். பன்றி கண்ணெதிரே நின்றாலும் இந்த வரிசை மாறக்கூடாது. இன்னொரு பன்றி வரும்.

இன்னொன்று: இங்கே பண்ணையில் ஃபர்லாங்குக்கு ஒரு கேட். இறங்கித் திறந்து மூடுவது விருந்தாளியின் வேலை. அது நீங்கள்தான் மாமா. ரைஃபிளை மடியில் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது என்பதே பெட்டிக்குப் போதுமான காரணம்.

வரும்போது பலகாரம் கொண்டு வாருங்கள், உப்புக்கண்டம் மட்டும் வேண்டாம். இறைச்சி என்றால் ஏர்போர்ட்டிலேயே எடுத்துக்கொள்வார்கள்.

---

கானாடுகாத்தான் ஆச்சி எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்லவே வேண்டாம். அந்த வீடியோவை மகளுக்குத் திருப்பி அனுப்பி, குழல் அவள் முகத்துக்கு நேராக வரும் இடத்தை நிறுத்திக் காட்டுங்கள். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

---

பள்ளத்தூரான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி சொன்னபடியே செய்தேன். இந்திய நேரம் ராத்திரி பதினொன்றரைக்கு அனுப்பினேன். காலையில் எழுந்து பார்த்தால் மாப்பிள்ளையிடமிருந்து ஒரு ஃபோட்டோ: புதுப் பிளாஸ்டிக் பெட்டி, இன்னும் விலைச்சீட்டு கிழிக்கவில்லை. கீழே "மாமா, ரைஃபிள் இனி இதுக்குள்ளதான்" என்று ஒரு வரி. மகள் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

விசா விஷயம் அவருக்கு உண்மையிலேயே தெரியாது. பதறிப்போனார். லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்கிறார். நான் 1968 என்பதால் வகுப்பு இல்லை. நண்பரிடம் சைடு பை சைடு இருக்கிறதாம், ஆனால் ஒரு பக்கத்து பெல்ட் கொக்கி உடைந்திருக்கிறது, நாங்கள் வருவதற்குள் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். மாற்றாவிட்டால் கேட் வரைக்கும் நடந்தே போவேன்.

ஹவில்தார் அண்ணே, நேற்று ஐயா துப்பாக்கியை மடக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலது குழலில் ஒரு குளவிக் கூடு.

---

கல்லல் ஹவில்தார் எழுதியது:

குச்சியால் குத்தாதீர்கள் அண்ணே, குழல் கீறிவிடும். ஞாயிற்றுக்கிழமை என் கிளீனிங் ராடை எடுத்துக்கொண்டு வருகிறேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மெஷின் ஆயில் வாங்கி வையுங்கள்.