‘தோட்டப்பாதை வாக்கியம்’ வேண்டாம், ‘மறிதொடர்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மனம் மொழியைக் கையாளும் விதத்தை ஆராயும் உளமொழியியலுக்கான நம் சொற்பட்டியலில் ‘தோட்டப்பாதை வாக்கியம்’ என்று இருக்கும் பதிவை மாற்ற வேண்டும் என்பதில் பெரும்பாலும் உடன்பாடு ஏற்பட்டுவிட்டது. படிப்பவரை முதலில் ஒருவாறு பொருள்கொள்ளவைத்து, பின்வரும் சொல்லால் அதை மாற்றிக்கொள்ளவைக்கும் வாக்கியத்தை அது குறிக்கிறது. ஒருவரை நயமாகப் பேசித் தவறான வழியில் கொண்டுபோவதைத் தோட்டப் பாதையில் நடத்திச் செல்வதாகச் சொல்வது ஆங்கில வழக்கு. அவ்வழக்கு இல்லாத தமிழில் அச்சொல் எதையும் உணர்த்தவில்லை. மாற்றாக இதுவரை வந்துள்ள மூன்று சொற்களையும், நான் முன்மொழியும் ‘மறிதொடர்’ என்பதையும் பொருளோடு பொருத்திப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் பொருள். 1970இல் உளமொழியியலாளர் தாமஸ் பெவர் எடுத்துக்காட்டிய ஓர் ஆங்கில வாக்கியம் இத்துறையில் அனைவருக்கும் தெரிந்ததே: ‘த ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் த பார்ன் ஃபெல்’. குதிரை களஞ்சியத்தைத் தாண்டி ஓடியது என்று படித்து முடித்தவருக்கு, இறுதியில் ‘விழுந்தது’ என்னும் வினை மிச்சமாக நிற்கிறது. ‘ஓடியது’ என்று கொண்ட சொல்லை ‘ஓட்டப்பட்ட’ என்று கொண்டால்தான் வாக்கியம் நேராகும். ‘ரேஸ்ட்’ என்ற ஒரே வடிவம் வினைமுற்றாகவும் எச்சமாகவும் நிற்பதால் விளைந்த குழப்பம் இது. தமிழில் ‘ஓடியது’ வேறு, ‘ஓட்டப்பட்ட’ வேறு. ஆகவே இந்த எடுத்துக்காட்டை மொழிபெயர்த்துப் பதிவில் இடுவதால் பயனில்லை.

தமிழில் இந்த மயக்கம் வேறோர் இடத்திலிருந்து பிறக்கிறது. ‘அமைச்சர் பாலத்தைத் திறந்துவைத்த நடிகரைப் பாராட்டினார்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ‘அமைச்சர் பாலத்தை’ என்றதுமே பாலத்தை என்னவோ செய்தவர் அமைச்சர்தான் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. ‘திறந்துவைத்த’ என்ற பெயரெச்சம் வந்த பிறகும் அந்த முடிவு அசைவதில்லை; ஏனெனில் அடுத்து ‘விழா’ என்று வந்தால் அமைச்சரே திறந்தவராக நீடிப்பார். ‘நடிகரை’ என்ற சொல்லில்தான் எல்லாம் புரள்கிறது. திறந்தவர் நடிகர், அமைச்சருக்குரிய வினையோ இன்னும் வரவில்லை. ஆங்கிலத்தில் பெயரடைத் தொடர் தான் தழுவும் பெயருக்குப் பின்னால் வருவதால், பெயர் முன்பே தெரிந்துவிடுகிறது. தமிழில் அது பெயருக்கு முன்னால் வருகிறது. அது எங்கே தொடங்கியது என்பதைக் காட்ட எந்த உருபும் இல்லை. ‘அமைச்சர்’ என்பதன் பின் ஒரு காற்புள்ளியோ, செய்தி வாசிப்பவர் விடும் சிறு நிறுத்தமோ இருந்தால் மயக்கமே எழாது. பாலங்களைத் திறப்பது அமைச்சர்களின் அன்றாட வேலை என்ற உலக அறிவும் தவறான வாசிப்புக்குத் துணைபோகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, வந்துள்ள சொற்கள். ‘கவர்பொருள் தொடர்’ என்பது பழைய, அழகான சொல். ஆனால் வேறொன்றுக்கு உரியது. ‘நான் நேற்று வாங்கிய புத்தகத்தைத் தொலைத்தேன்’ என்பதில் வாங்கியது நேற்றா, தொலைத்தது நேற்றா என்பது வாக்கியம் முடிந்த பின்னும் தீர்வதில்லை. அதுவே கவர்பொருள். நம் அமைச்சர் வாக்கியத்துக்கு முடிவில் ஒரே பொருள்தான் உண்டு. மயக்கம் வழியில் மட்டுமே. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இத்துறையின் அடிப்படைப் பாகுபாடே தொலைந்துவிடும். ‘ஏமாற்றுத் தொடர்’ என்பது எழுதியவருக்கு இல்லாத உள்நோக்கத்தை ஏற்றுகிறது. ‘தடம்புரள் தொடர்’ எளிதில் பிடிபடும் என்பதை மறுக்கமாட்டேன், ஆயினும் தடம்புரண்ட வண்டி ஊர் போய்ச் சேர்வதில்லை; இங்கே படிப்பவர் பெரும்பாலும் சேர்ந்துவிடுகிறார்.

‘மறிதல்’ என்பதற்குத் திரும்புதல் என்றும் ‘மறித்தல்’ என்பதற்குத் தடுத்தல் என்றும் பொருள் உண்டு. நன்னூல் கூறும் எண்வகைப் பொருள்கோள்களுள் ஒன்றாகிய அளைமறிபாப்பு, செய்யுளின் இறுதியில் நிற்கும் சொல் இடையிலும் முதலிலும் சென்று பொருள் தருவதைக் குறிக்கிறது. பாம்பு வளைக்குள் நுழையும்போது தலைகீழாக மடங்குவதை வைத்து இட்ட பெயர் அது. நன்னூலின் ஆசிரியர் பவணந்தியார் வகுத்தது செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறையே, மனத்தின் இயக்கத்தை அன்று; ஆகவே அந்தப் பெயரை முழுதாக எடுத்தாள்வது முறையாகாது. ‘மறி’ என்ற வேரை மட்டும் கடன் கேட்கிறேன். லின் ஃப்ரேசியரும் கீத் ரெய்னரும் 1982இல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வில், இத்தகைய ஆங்கில வாக்கியங்களைப் படித்தவர்களின் பார்வை மயக்கத்தைத் தீர்க்கும் பகுதியில் கூடுதல் நேரம் தங்கியது. பல சமயங்களில் பின்னோக்கியும் சென்றது. நிற்பதும் திரும்புவதும் ஆகிய இரண்டையும் இந்த ஒரு வேரே தாங்குகிறது. கிளைச்சொற்களும் சிரமமின்றிப் பிறக்கின்றன: மயக்கம் தீரும் இடமான ‘நடிகரை’ மறிசொல், அங்கே ஏற்படும் தாமதம் மறிவிளைவு, அதன்பின் வாக்கியத்தை மீண்டும் பகுத்துப் பொருள்கொள்வது மறுபகுப்பு.

இதற்கு எழக்கூடிய தடை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ‘மறி’ என்றதும் சாலை மறியல் நினைவுக்கு வரும். இலங்கையில் விளக்கமறியல் என்பது நீதிமன்றக் காவல். ‘மறிதொடர்’ என்று கூட்டுச்சொல்லாக நிற்கும்போது இந்தச் சாயல்கள் பொருளைக் கெடுக்காது என்றே எண்ணுகிறேன். இலங்கை நண்பர்களின் காதுக்கு அது எப்படி ஒலிக்கிறது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வரையறையை எழுதும்போது ‘படிப்பவர் தவற்றைத் திருத்திக்கொள்வார்’ என்று முடிப்பதைத் தவிர்க்க வேண்டும். கீல் கிறிஸ்டியான்சனும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ‘அன்னா உடுத்திக்கொண்டிருந்தபோது குழந்தை கக்கியது’ என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் ஒன்று இருந்தது. சொல்வரிசையால் ‘அன்னா குழந்தைக்கு உடுத்தினாள்’ என்று முதலில் தோன்றச் செய்யும் வாக்கியம் அது. படித்தவர்களிடம் பின்னர் கேட்டபோது, குழந்தை கக்கியதைச் சரியாகச் சொன்னவர்களிலும் பலர் அன்னா குழந்தைக்கு உடுத்தினாள் என்றே விடையளித்தனர். முதல் வாசிப்பு முற்றாக அழிவதில்லை. அதைப் போலவே, மறிதல் எப்போதும் படிப்பவரால் உணரப்படுவது என்றும் எழுத இயலாது. பெயரெச்சம் நிறைந்த நம் நாளிதழ்களில் இவ்வகைத் தொடர்கள் ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தடுக்கல் ஏதும் தெரியாமலே கடந்துவிடுகிறோம்.

எனவே பதிவுக்கு இந்த வரையறையை முன்வைக்கிறேன்: ‘மறிதொடர் - தொடக்கச் சொற்களைக் கொண்டு படிப்பவரோ கேட்பவரோ அமைத்த முதல் கட்டமைப்பு, பின்வரும் ஒரு சொல்லோடு பொருந்தாமையால் மறுபகுப்பை வேண்டி நிற்கும் தொடர்.’ எடுத்துக்காட்டாக அமைச்சர் வாக்கியத்தையே இடலாம். இதைவிடக் கூர்மையான ஒன்று கிடைத்தால் மாற்றிக்கொள்வோம்.

அன்புடன்.