அமெரிக்க நெடுஞ்சாலை ஆய்வுக்கான அரசுப் பணம்: 20 ஆண்டுச் சாலைக்கு 5 ஆண்டுச் சட்டம் போதுமா?

கேள்வி: வழிப்போக்கன்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தார்ச்சாலைகளில் விரிசல் பரவும் விதம் பற்றி முதுகலை ஆய்வு செய்துவருகிறேன். நாங்கள் அளவெடுக்கும் சாலைத் துண்டின் நீளம் சுமார் 150 மீட்டர்தான். ஆனால் அதற்கான செலவைக் கூட்டாட்சி அரசு, மாநிலம், பல்கலைக்கழகம் என்று மூன்று கணக்குகளில் எழுதுகிறோம். மாநிலத்தின் கைக்கு இந்த ஆய்வுப் பணம் எந்த விதியின்படி வருகிறது? மேலும், 20 ஆண்டுகள் உழைக்க வேண்டிய சாலையைப் பற்றிய ஆய்வு, ஐந்தாறு ஆண்டுகளில் காலாவதியாகும் சட்டங்களை நம்பியிருப்பது ஏன் என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: கருங்கல்

தம்பி, மாநிலச் சாலைத் துறை ஒன்றின் பொருள் சோதனைக்கூடத்தில் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறேன் என்பதால், முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கூட்டாட்சி அரசு மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் முக்கிய நெடுஞ்சாலை நிதிகளிலிருந்து 2 சதவீதத்தைத் திட்டமிடலுக்கும் ஆய்வுக்கும் தனியே ஒதுக்க வேண்டும் என்றும், அந்த 2 சதவீதத்தில் குறைந்தது கால் பங்கு ஆய்வுக்கே போக வேண்டும் என்றும் 1991ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அதன்படி 100 கோடி டாலர் வந்தால் 2 கோடி தனியே நிற்கும். அதில் 50 லட்சமாவது ஆய்வுக்கு உரியது. பல மாநிலங்கள் ஒன்று சேர்ந்து ஒரே கேள்விக்குப் பணம் போடும் கூட்டு நிதித் திட்டங்களும் இதிலிருந்தே நடக்கின்றன. 1962இல் தொடங்கிய தேசியக் கூட்டுறவு நெடுஞ்சாலை ஆய்வுத் திட்டத்துக்கும் மாநிலங்கள் இதிலிருந்தே பங்கு தருகின்றன.

இதற்கு வெளியே, கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் தானே நடத்தும் ஆய்வு இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் சட்டம் 2022 முதல் 2026 வரையிலான நிதியாண்டுகளில் நெடுஞ்சாலை ஆய்வு வளர்ச்சிக்கு ஆண்டுக்கு 14.7 கோடி டாலரும், புதிய தொழில்நுட்பத்தைக் களத்தில் பரப்புவதற்கு 11 கோடி டாலரும் அனுமதித்தது. எனினும், சட்டத்தில் எழுதிய தொகை அப்படியே கைக்கு வருவதில்லை. அந்தந்த ஆண்டின் செலவு உச்சவரம்பு அதில் ஒரு பகுதியை நிறுத்திவைத்துவிடும்.

இந்தப் பணம் வீணா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் தார் வாளியைத்தான் காட்டுவேன். முன்பெல்லாம் ஓர் ஊசி தாருக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தும், தாரின் பாகுநிலையை அளந்துமே அதைத் தரம் பிரித்தோம். கோடையில் அது இளகிச் சக்கரத் தடம் விழுமா, குளிரில் வெடிக்குமா என்பதை அந்த எண்கள் சரிவரச் சொல்லவில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 15 கோடி டாலரில் நடந்த ஐந்தாண்டு ஆய்வுக்குப் பிறகு, வாளியின் மேல் ‘64-22’ என்று எழுதியிருந்தாலே போதும்: சாலையின் வெப்பம் 64 பாகை செல்சியஸ் வரை ஏறினாலும், பூச்சியத்துக்குக் கீழே 22 பாகை வரை இறங்கினாலும் தாங்கும் தார் அது. இன்று மாநிலங்கள் கொள்முதல் செய்வது இந்த முறையில்தான்.

பதில்: அளவுகோல்

கருங்கல் ஐயா சொன்னதை முழுதும் ஏற்கிறேன். இரண்டாவது கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். நெடுஞ்சாலை நிதியத்துக்கு வரும் கூட்டாட்சிப் பெட்ரோல் வரி கேலனுக்கு 18.4 சென்ட் என்று 1993இலிருந்து அசையாமல் நிற்கிறது. 2008 முதல் பொதுநிதியிலிருந்து பணம் மாற்றித்தான் அந்த நிதியத்தைத் தாங்கிவருகிறார்கள். இப்படி நெருக்கடியில் இருக்கும் நிதியத்தில், பாலமும் சாலையும் கண்ணுக்குத் தெரியும், ஆய்வு தெரியாது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஆய்வுப் பணத்தின் பெரும்பகுதியை யாருக்குத் தர வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே பெயர் குறித்துவிட்டது. தகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க நிர்வாகத்துக்கு மிஞ்சியது மிகக் குறைவு. பணத்தின் அளவைவிட அந்த முறைதான் அதிகக் கேடு செய்தது என்பது என் உறுதியான எண்ணம்.

காலத்தின் அருமைக்கு இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊருக்கு அருகில் நடந்த சாலைச் சோதனையே சான்று. 1958 முதல் 1960 வரை ராணுவ வீரர்கள் லாரிகளை வளையத் தடங்களில் இரவும் பகலும் ஓட்டினார்கள். சுமார் 11 லட்சம் முறை அச்சுச்சுமை, அதாவது ஒரு சக்கர அச்சு தாங்கும் எடை, சாலையின் மேல் ஏறி இறங்கியது. அச்சின் எடை இருமடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்ற விதி அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அது ஒரே மண், ஒரே தட்பவெப்பம், இரண்டே ஆண்டு. சாலை முதுமையடைவதை அது பார்க்கவே இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,500க்கு மேற்பட்ட சாலைத் துண்டுகளை நெடுங்காலம் கண்காணிக்கும் திட்டம் 1987இல் பிறந்தது. அது சட்டத்துக்குச் சட்டம் உயிர்பிழைத்து வந்திருக்கிறது. அப்படிப் பிழைக்க வேண்டிய நிலையில் அதை வைத்திருப்பதே தவறு.

பதில்: கருங்கல்

அளவுகோல் அம்மா சொன்ன கண்காணிப்பைப் பற்றி, நான் நேரில் பார்த்த ஒன்றைச் சேர்க்க வேண்டும். 17 ஆண்டுகள் அளவெடுத்த துண்டு ஒன்றுக்கு நான் சாலையைத் துளைத்து உருளை மாதிரி எடுக்கச் சென்றபோது, அதன் மேல் புத்தம்புதிய தார்ப்படலம் கிடந்தது. அந்த ஆண்டு கண்காணிப்புக்கான தொகை தாமதமானதால் எல்லைக் கோடுகளுக்கு வண்ணம் பூசவில்லை, சாய்ந்த பெயர்ப்பலகையையும் நிமிர்த்தவில்லை. பராமரிப்புக் குழுவினர் அதைச் சாதாரணச் சாலை என்று எண்ணித் தங்கள் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டார்கள். மிச்சமான தொகை ஒரு டப்பா வண்ணத்தின் விலைதான். அந்த விரிசல்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் எப்படி வளர்ந்திருக்கும் என்பதை இனி எவ்வளவு பணம் கொடுத்தாலும் அளக்க முடியாது.

வழிப்போக்கன்

ஐயா, அம்மா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கூட்டு நிதித் திட்டங்களின் பட்டியலில் விரிசல் தொடர்பானவற்றை என் நெறியாளரிடம் காட்டுகிறேன். எங்கள் துண்டின் எல்லைக் கோடு போன குளிர்காலத்திலேயே மங்கலாகத்தான் தெரிந்தது. நாளைக் காலை முதல் வேலையாக மாவட்டப் பராமரிப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, வண்ணத்தோடு நேரில் செல்கிறேன்.