மறுமொழி: பீட் பயிரில் ‘போல்ட்டிங்’ – தண்டோட்டம் வேண்டாம்

வணக்கம்.

சர்க்கரை பீட் கையேட்டுக்கு நாம் தொகுக்கும் சொற்பட்டியலில், செடி பூக்குமுன் நடுத்தண்டை உயர்த்துவதைக் குறிக்கும் ‘போல்ட்டிங்’ (bolting) என்பதற்குப் போன வாரம் நான் சொன்ன ‘தண்டோட்டம்’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வினையாக்கினால் ‘தண்டோடு’ என்று வருமே, ‘கீரையைத் தண்டோடு பிடுங்கு’ என்பதுடன் குழம்பாதா என்று அண்ணன் கேட்டிருந்தார். குழம்பத்தான் செய்யும். ‘தண்டோடும் செடிகளை நீக்கவும்’ என்று கையேட்டில் அச்சடித்தால் வயலில் ஒரு செடி மிஞ்சாது.

ஆனால் அவர் தந்த ‘முன்பூப்பு’ எனக்கு ஒப்பவில்லை. நட்டம் பூவால் வருவதில்லை. என் மொட்டைமாடித் தொட்டியில் முள்ளங்கி நடுக்குருத்து விரல் நீளம் நிமிர்ந்தபோது மொட்டுகூடத் தெரியவில்லை. நாலு நாள் விட்டுப் பிடுங்கினேன். கத்தி இறங்கவில்லை, உள்ளே வெறும் நார். சர்க்கரை பீட்டிலும் இதே கதைதான். அது ஈராண்டுச் செடி. முதல் பருவத்தில் கிழங்கில் சர்க்கரை சேர்க்கும், குளிர் பட்டபின் அந்தச் சேமிப்பைத் தின்று தண்டை உயர்த்தும். பூவைப் பார்த்துவிட்டு நடவடிக்கை எடுப்பவர் தாமதித்துவிட்டார் என்று பொருள். (‘பூப்பு’ என்றதும் மஞ்சள் நீராட்டு நினைவுக்கு வருவது என் குறையாகவே இருக்கட்டும்.)

இந்தச் சொல் ஏன் இவ்வளவு முக்கியம்? கலிபோர்னியாவின் பாலைவனப் பகுதியான இம்பீரியல் பள்ளத்தாக்கைப் பாருங்கள். ஜெர்மனியில் வசந்தத்தில் விதைத்து, உறைபனி இறுகுமுன் தோண்டிவிடுவார்கள். இம்பீரியலில் 2025 வரை தலைகீழ்: வெயில் 40 பாகையைத் தொடும் செப்டம்பரில் விதைத்து, பனிக்காலம் முழுக்க வளரவிட்டு, ஏப்ரல் முதல் ஜூலை வரை தோண்டினார்கள். ஆக, பயிர் குளிரைக் கடந்தே ஆகவேண்டியிருந்தது. குளிர்ந்த வாரங்கள் நீண்டு, பிறகு பகலும் நீண்டால் தண்டு கிளம்பிவிடும். இடையில் நல்ல வெப்பம் வந்தால் குளிரின் விளைவு ஓரளவு அழியும். அக்டோபர், நவம்பரில் விதைக்கும் தென் ஸ்பெயினிலும் இதே கவலைதான். அதனால் இப்படிப்பட்ட இடங்களில் ரகம் தேர்வதில் முதலில் கேட்பதே, தண்டு கிளம்பாமல் தாங்குமா என்பதுதான்.

எனவே என் புதிய முன்மொழிவு: தண்டெழுச்சி. தண்டெழுந்த செடி, தண்டெழாத ரகம், தண்டெழுச்சி தாங்கும் ரகம் என்று எல்லா வடிவத்திலும் தடங்கலில்லாமல் வருகிறது. குளிர் பட்டுச் செடி பூக்கத் தயாராகும் வெர்னலைசேஷனுக்குப் பாடநூலில் ‘தட்பப்பதனம்’ இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், பட்டியலில் ‘இலையுதிர்கால விதைப்பு’ என்று இருக்கிறது. அந்தப் பாலைவனத்தில் செப்டம்பரில் எந்த இலை உதிர்கிறது? ‘பனிக்கால பீட்’ என்றாலே போதும், அது கடக்கும் காலத்தைச் சொல்லிவிடும்.

தோண்டுவதற்கு ஏற்ற காலத்தைக் குறிக்கும் ‘ஹார்வெஸ்ட் விண்டோ’வுக்கு ‘அறுவடைச் சாளரம்’ என்று போட்டவர் யாரென்று தெரியவில்லை, கோபிக்க வேண்டாம். அமெரிக்காவின் வட டகோட்டாவில் தோண்டிய கிழங்கை மலையாகக் குவித்துக் குளிரில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். இம்பீரியலின் கோடையில் அது நடக்காது. தோண்டிய கிழங்கு மூச்சுவிட்டே சர்க்கரையை இழக்கும், உடனே ஆலைக்குப் போகவேண்டியிருந்தது. தோண்டாமல் மண்ணில் விட்டாலும் வெயில் ஏற ஏற அழுகல் வரும். சாளரம் என்றால் காற்று வாங்கிக்கொண்டு உட்காரலாம் போலிருக்கிறது. ‘அறுவடைக் கெடு’ என்று மாற்றலாமா?