மடுக் கோயில் யாருடையது: மாந்தையா, யாழ்ப்பாணமா?

குருநகரான்:
ஆவணி (ஓகஸ்ட்) 15, மன்னார் மடு மாதா கோயில் பெருநாள் வருகிறது. வழமைபோல எல்லாரும் ஒரே வரலாற்றைப் பகிர்கிறீர்கள்: 1670இல் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய ஒல்லாந்தருக்குப் பயந்து, மன்னார்ப் பக்கத்து மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதா சொரூபத்தோடு மருதமடுக் காட்டுக்குள் வந்தன. சரி. அதே கதையில் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு ஓடிய 700 பேரும் இருக்கிறார்களே, அவர்களை ஏன் வெட்டுகிறீர்கள்?

மாதோட்டத்தான்:
அண்ணை, தலைக்கணக்குப் பார்த்தா கோயில் யாருடையது என்று சொல்வது? உயிர் தப்ப ஓடுகிறவன் அரிசியையும் பிள்ளையையும்தான் தூக்குவான். எங்கள் மாந்தைச் சனம் மாதாவையும் தூக்கிக்கொண்டு ஓடியது. அந்தச் சொரூபம் இல்லாவிட்டால் மருதமடு இன்றைக்கும் வெறும் காடுதான்.

குருநகரான்:
சொரூபம் மட்டும் போதுமா தம்பி? காட்டை வெட்டி, குடியிருந்து, பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்த ஆட்கள் வேண்டாமா? இப்போது நிற்கிற கோயிலுக்கு 1872இல் அடிக்கல் வைத்த பொஞ்சீன் ஆண்டகையும் யாழ்ப்பாணத்து ஆயர்தான்.

மாதோட்டத்தான்:
மன்னார் தனி மறைமாவட்டமானது 1981இல். அதுவரை எங்களுக்கும் யாழ்ப்பாணத்து ஆயர்தானே ஆயர்! அந்தப் பழைய நினைப்பு உங்களுக்கு இன்னும் போகவில்லை.

சில்லாலைப் பிள்ளை:
இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். அந்த 20உம் 700உம் வாய்வழியாக வந்த கணக்கு. காட்டுக்குள் யார் பதிவேடு வைத்திருந்தார்கள்? அதை வைத்து இவ்வளவு சண்டை பிடிக்காதீர்கள்.
எனக்கு உறுத்துவது வேறு. ஓடியவர்கள்தான் வேதத்தைக் காப்பாற்றினார்கள் என்பதுபோல எழுதுகிறீர்கள். ஓடாமல் யாழ்ப்பாணத்திலேயே இருந்தவர்கள்? 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் விழுந்த பிறகு கத்தோலிக்கக் குருவை வீட்டில் ஒளித்தால் மரண தண்டனை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. 1687இல் கோவாவைச் சேர்ந்த குரு யோசேவாஸ் முனிவர் கூலியாள் வேடத்தில் வந்து இறங்கிய பிறகு, யாழ்ப்பாணத்து ஊரான எங்கள் சில்லாலையில் அவரை மறைத்து வைக்க வீடுகள் இருந்தன. கிட்டத்தட்ட 30 வருடம் குருவே இல்லாமல் அந்த வீடுகளில் செபமாலையை நிற்கவிடாமல் வைத்திருந்தது யார்? பெரும்பாலும் எங்கள் ஆச்சிமாராகத்தான் இருக்கும்.

மாதோட்டத்தான்:
அக்கா சொல்வது நியாயம். ஆனால் திரி மடுவைப் பற்றியது.

குருநகரான்:
700ஐ விடுங்கள். "யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் சேர்ந்து" என்று ஒரு வரி போடுங்கள். அதையுமா தரமாட்டீர்கள்?

மாதோட்டத்தான்:
தரலாம் அண்ணை. இரண்டாவது வரியில்.