மேடை மானிட்டருக்குக் ‘கேட்பி’ என்னும் சொல்: பேஸ் கிட்டாரின் ஆம்ப்பை முன்வைத்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தாழ்ந்த சுரங்களுக்குரிய பேஸ் கிட்டாரை வாசிப்போர் பலர் இப்போது ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பிளிஃபயர் பெட்டி) இல்லாமலேயே மேடையேறுவதைக் குறிக்க ஒரு சொல் வேண்டும் என்று தொடங்கிய இந்த இழையில், ‘பெருக்கியிலா வாசிப்பு’ என்ற முன்மொழிவுக்கு ஆதரவு கூடிவருகிறது. சொல் செவிக்கு இனிமையாக இருந்தாலும் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஆம்ப்பை வீட்டில் விட்டு வருபவரின் இசையும் பெருக்கப்பட்ட பிறகே அவையோரை அடைகிறது; அந்த வேலை மேடையிலிருந்து அரங்கின் ஒலியமைப்புக்கு இடம் மாறியிருக்கிறது. பெருக்கமே இல்லை என்று பொருள்படும் ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டுவிட்டால் பின்னர் அதைத் திருத்துவது கடினம். ஆகையால் மேடையில் இருந்த அந்தப் பெட்டி எவ்வெவ் வேலைகளைச் செய்தது, அவற்றுள் எது இன்னும் எஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவதே முறை என எண்ணுகிறேன். அப்படிப் பார்க்கையில் மேடை மானிட்டருக்கும், அதாவது வாசிப்பவர் தன் வாசிப்பைத் தானே கேட்க உதவும் கருவிக்கும், ஒரு சொல் தேவைப்படுகிறது.

ஃபெண்டர் நிறுவனம் 1951-இல் பிரிசிஷன் பேஸையும் 1952-இல் அதற்கென்றே பேஸ்மேன் ஆம்ப்பையும் வெளியிட்டது. அக்காலத்தில் அரங்க ஒலியமைப்பு பெரும்பாலும் பாடுபவரின் குரலுக்கு மட்டுமே போதுமானதாக இருந்ததால், பேஸின் ஒலியைக் கடைசி வரிசை வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு கலைஞரின் முதுகுக்குப் பின்னால் நின்ற பெட்டியையே சார்ந்திருந்தது. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. இந்தத் தேவையின் உச்சம்: 300 வாட் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப், அதன் கீழே பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு அடங்கிய கேபினட், இரண்டும் சேர்ந்து நூறு கிலோவை ஒட்டிய சுமை. இன்று அரங்க ஒலியமைப்பில் சப்வூஃபர்கள் (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர்கள்) இருக்கும் இடங்களில் இந்த முதல் வேலை முற்றிலும் அவற்றுக்குப் போய்விட்டது.

இரண்டாவது வேலை ஒலிக்கு நிறம் கொடுப்பது. வால்வும் ஸ்பீக்கரும் சேர்ந்து தரும் அந்தக் கரகரப்பையும் உயர் அதிர்வெண்களின் மழுங்கலையும் இப்போது காலடியில் கிடக்கும் ஒரு ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) பெடலோ கேபினட்டைப் போலிசெய்யும் மென்பொருளோ தந்துவிடுகிறது. இதில் நுட்பமான வேறுபாடுகளைக் கேட்பவர்கள் உண்டு; ஆனாலும் அவை அரங்கின் நடுவே நிற்பவருக்குத் தெரியும் அளவுக்குப் பெரியவை என்று நான் கருதவில்லை.

இவ்விடத்தில் கிட்டாரை நேராக மிக்ஸரோடு (ஒலிகளைக் கலந்து சீர்செய்யும் கருவி) இணைக்க உதவும் டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன்) பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நாம் தேடும் சொற்களுள் ஒன்று அதனுள் இருக்கிறது. கையடக்கமான அந்த உலோகப் பெட்டியின் ஒரு பக்கத்தில் கிட்டார் கேபிளுக்கான துளையும், அதன் அருகிலேயே ஆம்ப்புக்குப் பிரித்துக் கொடுக்க இன்னொரு துளையும், மறுபக்கத்தில் மைக் கேபிளுக்குரிய மூன்று முள் இணைப்பும், இரைச்சல் வந்தால் தட்டிவிட ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்னும் ஒரு சிறு சுவிட்சும் இருக்கும். தந்தியின் அதிர்வை மின்குறிகையாக்கும் பேஸின் பிக்கப், மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) மிகுந்தது. அதை அப்படியே நீண்ட கேபிளில் அனுப்பினால் உயர் அதிர்வெண்கள் தேய்ந்துவிடும், சுற்றுப்புற இரைச்சலும் ஏறிக்கொள்ளும். மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட்டில் இயங்கும் வகையைச் சேர்ந்த பெட்டி, ஏறத்தாழ 1 மெகாஓம் உள்ளீட்டு மின்மறுப்புடன் அந்தக் குறிகையை வாங்கி, மின்மறுப்பைக் குறைத்து, வழியில் ஏறும் இரைச்சலைக் கழிக்கவல்ல சமனிட்ட இணைப்பாக்கி மிக்ஸருக்கு அனுப்புகிறது. இங்கே நடப்பது பெருக்கமன்று, இணக்கப்படுத்தி நேராக இணைப்பது. எனவே இதற்கு ‘நேரிணைப்புப் பெட்டி’ என்றும், ஆம்ப்பின்றி இவ்வழியே வாசிப்பதற்கு ‘நேரிணைப்பு வாசிப்பு’ என்றும் வைத்துக்கொள்ளலாம். இழையின் முதற்கேள்விக்கு இதுவே என் விடை.

ஆனால் மூன்றாவது வேலை இன்னும் மிச்சமிருக்கிறது, கலைச்சொல் இல்லாமல் நாம் உண்மையில் திண்டாடுவதும் அங்கேதான். வாசிப்பவர் தன் வாசிப்பைத் தானே கேட்க வேண்டும். அவருக்குப் பக்கத்திலிருக்கும் டிரம்ஸ் கலைஞரும் கேட்க வேண்டும். நான்கு தந்தி பேஸின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. காற்றில் அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். இவ்வளவு நீண்ட அலை ஸ்பீக்கர் பெட்டி போன்ற சிறு தடைகளைச் சுற்றி வளைந்து எல்லாத் திசைகளிலும் பரவுவதால், அவையோரை நோக்கி நிற்கும் சப்வூஃபரின் ஒலி மேடைக்குப் பின்னும் வந்து சூழ்கிறது. அது போதாதென்று, பதினேழு மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்டு மீளும் ஒலி, தந்தியைச் சுண்டி நொடியில் பத்தில் ஒரு பங்கு கழிந்த பிறகே காதுக்கு வருகிறது. முழக்கம் இருக்கும், தந்தியில் விரல் பட்ட கணம் எதுவென்று மட்டும் தெரியாது. தாளத்தைத் தாங்க வேண்டியவருக்கு இதைவிடப் பெரிய இடையூறு இல்லை. அருகிலேயே ஓர் ஒலிவாய் அவருக்கு வேண்டும்: அது பழைய ஆம்ப்பாக இருக்கலாம், தரையில் சாய்த்து வைத்த மானிட்டராக இருக்கலாம், காதுக்குள் செருகும் இயர்பீஸாகவும் இருக்கலாம்.

இம்மூன்றையும் ஒருசேரக் குறிக்கும் தமிழ்ச்சொல்லாகவே ‘கேட்பி’யை முன்வைக்கிறேன். மானிட்டருக்குச் சிலர் எழுதும் ‘கண்காணிப்பி’ கணினித் திரைக்கோ காவல் கருவிக்கோ பொருந்தலாம். காதுக்கான கருவிக்குள் கண்ணைக் கொண்டுவருவது பொருந்தாது. கேள் என்னும் வினை பிறவினையாகும்போது கேட்பி என்றாகிறது. பெருக்கி, மாற்றி, கடத்தி ஆகியவற்றில் வினையடி ‘இ’ விகுதி பெற்றுக் கருவிக்குப் பெயராவது போல இதுவும் ஆகும். கேட்கும் கருவி என்று சிலர் பொருள்கொள்ளக் கூடுமே என்ற ஐயத்துக்கு இலக்கணமே விடை சொல்கிறது: ‘பி’ விகுதி கேட்கச் செய்வதையே குறிக்கும். அடைசேர்த்தால் ‘மேடைக் கேட்பி’, ‘செவிக் கேட்பி’ என்று தடையின்றி விரிகிறது. பெருக்குதல் என்பது குப்பை கூட்டுவதையும் குறிக்கும் என்பதால் ஆம்ப்பிளிஃபயருக்கே வேறு சொல் வேண்டும் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை; பாடநூல்களில் ‘பெருக்கி’ வேரூன்றிவிட்டது. ‘ஒலிபெருக்கி’ என்பதை மட்டும் இவ்விடத்தில் தவிர்ப்போம், ஏனெனில் மக்கள் வழக்கில் அது ஸ்பீக்கரையே சுட்டுகிறது.

ஆம்ப் கொண்டுபோகத்தான் வேண்டுமா என்ற கேள்வி இந்தச் சொல்லால் தெளிவடைகிறது. அரங்கில் நம்பத்தகுந்த கேட்பி உண்டா என்பதே கேட்கப்பட வேண்டியது. செவிக் கேட்பி அணிந்து, தனக்கு வேண்டிய கலவையைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி பெற்றவர் ஆம்ப்பைச் சுமக்க வேண்டியதில்லை. மேடையில் ஒலி குறைந்தால் டிரம்ஸ் மைக்குகளுக்குள் பேஸ் புகுந்து குழப்புவதும் குறைவதால், மிக்ஸரில் இருப்பவருக்கும் அது நன்மையே. மறுபுறம், காதுக்குள் மட்டும் ஒலிக்கும் பேஸ் உடம்பில் படுவதில்லை. தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைந்த அழுத்தத்தில் நம் செவி நலிவாகவே உணரும் என்பதால், செவிக் கேட்பியின் ஒலியைக் கலைஞர்கள் அளவுக்கு மீறிக் கூட்டிவிடுகிறார்கள். செவிக்கு அது நிலையான கேடு விளைக்கும் என்பதை நான் மிகுந்த கவலையுடன் சொல்கிறேன். பேஸை உடம்பில் உணர்த்த, காலடியில் வைக்கும் அதிர்வுப் பலகை ஓரளவு மாற்று. அரங்கின் வசதி தெரியாதபோது, மூன்று கிலோவுக்குள் அடங்கும் டி வகுப்பு (மின்னிழப்பு குறைந்த, எடை குறைந்த வகை) ஆம்ப் ஒன்றையும் ஒற்றை ஸ்பீக்கர் கேபினட்டையும் உடன் எடுத்துச் செல்வதே என் பரிந்துரை. பெரும்பாலும் அந்த ஆம்ப்பிலும் நேரிணைப்பு வாய் இருக்கும்.

ஒரு சிக்கல் எஞ்சுகிறது. குரலுக்கு மட்டும் ஒலியமைப்பு உள்ள சிற்றரங்கில் அதே ஆம்ப் அவையோருக்கும் பெருக்கியாகவே நிற்கிறது; பெரிய அரங்கில் கேட்பியாகிவிடுகிறது. கருவியின் பெயராக ‘மேடைப் பெருக்கி’யையும் அது ஏற்கும் பணியின் பெயராகக் ‘கேட்பி’யையும் தனித்தனிப் பதிவுகளாக அகராதியில் சேர்க்கலாமா, அல்லது ஒன்றின் கீழ் மற்றொன்றைத் துணைப்பதிவாக இடலாமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். ‘பேக்லைன்’ (மேடையில் கலைஞர்களுக்குப் பின்னால் வைக்கும் கருவிகள்) என்பதற்கு முன்மொழியப்பட்ட ‘பின்வரிசை’ எனக்கு உடன்பாடே. அதில் ஆம்ப்புகளோடு டிரம்ஸும் அடங்கும் என்ற குறிப்பை மட்டும் உடன் சேர்த்துவிடுங்கள்.